நிசேயாவில் ஓட்டெடுப்பு நடத்தி இயேசுவைக் கடவுளாக்கினார்களா?

நீங்கள் கேட்டது இது: "கி.பி. 325இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் நிசேயாவில் பிஷப்புகளைக் கூட்டி, ஓட்டெடுப்பு நடத்தி இயேசுவைக் கடவுளாக்கினார், அதுவரை கிறிஸ்தவர்கள் அவரைத் தீர்க்கதரிசியாகத்தான் பார்த்தார்கள் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். திரித்துவம் என்ற சொல்லே பைபிளில் கிடையாது என்றும் சொன்னார்கள். இதெல்லாம் உண்மையா?"

கடைசியில் உள்ளது உண்மை. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே கடவுள் என்பதைக் குறிக்கும் அந்தச் சொல் பைபிளில் எங்கும் இல்லை. மற்றவை தவறு. ஆனால் இதற்குப் பதிலடியாகச் சில பிரசங்கங்களில் சொல்லப்படும் கதையும் வரலாற்றோடு ஒட்டாது. அப்போஸ்தலர் காலம் முதல் எல்லோரும் ஒரே கோட்பாட்டைப் பிசகாமல் நம்பினார்கள், நடுவில் ஏரியஸ் என்றொருவன் வந்து குழப்பினான், நிசேயாவில் அவன் வாயை அடைத்தார்கள், அதோடு தீர்ந்தது என்பார்கள். தீரவில்லை. நிசேயாவுக்குப் பிறகுதான் உண்மையான சண்டையே தொடங்கியது. அது 56 வருடம் நீடித்தது. அதில் பெரும்பகுதிக் காலம் அரசாங்கம் நிசேயாவுக்கு எதிர்ப்பக்கம் நின்றது.

மேலே போகுமுன் இரண்டு விஷயம். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற பழைய வழக்கையே எழுதுகிறேன். கத்தோலிக்க வாசகர்கள் தந்தை, மகன், தூய ஆவி என்று படித்துக்கொள்ளலாம். ஏரியஸை ஆரியுஸ் என்றும், அவர் கருத்தை ஏற்றவர்களை ஆரியர் என்றும் சில தமிழ்ப் புத்தகங்களில் பார்க்கலாம். நம்மூர் ஆரிய, திராவிட விவகாரத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

முதலில், நிசேயாவுக்கு முன்பு கிறிஸ்தவர்கள் இயேசுவை எப்படிப் பார்த்தார்கள்? இதற்கு மிக நல்ல சாட்சி கிறிஸ்தவரல்லாத ஒருவர். கி.பி. 112ஐ ஒட்டி, பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்களை விசாரித்துவிட்டுப் பேரரசர் திராயானுக்குக் கடிதம் எழுதுகிறார். குறிப்பிட்ட நாளில் விடியுமுன் கூடி, "கிறிஸ்துவைத் தெய்வமாகப் பாவித்து" பாட்டுப் பாடுகிறார்கள் என்பது அவர் விசாரணையில் தெரிந்துகொண்டது. நிசேயா நகரம் இருந்ததும் அதே மாகாணத்தில்தான். அதாவது பிஷப்புகளின் அந்தச் சங்கம் கூடுவதற்கு 200 வருடத்துக்கு முன்பே அந்த வட்டாரத்து ஜனங்கள் கிறிஸ்துவை வழிபட்டுக்கொண்டிருந்தார்கள். இன்னும் பின்னால் போனால் பவுலின் கடிதங்கள். பிலிப்பியர் 2ஆம் அதிகாரத்தில் "தேவனுடைய ரூபமாயிருந்தும்" என்று தொடங்கும் பகுதி, முழங்கால் யாவும் இயேசுவின் நாமத்தில் முடங்கும் என்று முடிகிறது. அது முதல் நூற்றாண்டின் நடுப்பகுதி.

இயேசுவை மனிதர் மட்டுமே என்றவர்களும் இருந்தார்கள். யூதப் பின்னணி கொண்ட எபியோனியர்கள் அப்படிப்பட்டவர்கள். 190ஐ ஒட்டி ரோமில் பைசாந்தியத்துத் தியோடோட்டஸ் என்ற தோல் தொழிலாளி, இயேசு கடவுளால் சுவீகாரமாக ஏற்கப்பட்ட மனிதர் என்று போதித்ததற்காக விலக்கப்பட்டார். ஆனால் இவர்கள் ஓரத்தில் இருந்தவர்கள்.

பெரும்பான்மைக்கு இருந்த சிக்கல் வேறு. கடவுள் ஒருவரே என்பது யூதர்களிடமிருந்து வந்த அசைக்க முடியாத அடிப்படை. கிறிஸ்துவையும் வழிபடுகிறார்கள். அப்படியானால் கடவுள் இருவரா? மூன்றாம் நூற்றாண்டு முழுக்க இந்தக் கணக்கோடுதான் மல்லுக்கட்டினார்கள். சுலபமான விடை, பிதா, குமாரன், ஆவி என்பவை ஒரே ஆள் வெவ்வேறு சமயங்களில் எடுக்கும் வேஷங்கள் என்பது. சபெல்லியஸ் பெயரால் இந்தக் கருத்து அறியப்படுகிறது. இதில் ஒரு தர்மசங்கடம் உண்டு. கெத்செமனேயில் இயேசு யாரிடம் ஜெபித்தார்? சிலுவையில் செத்தது பிதாவா? கார்த்தேஜின் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் இந்தக் கட்சிக்காரரான பிரக்ஸியாஸை எதிர்த்து எழுதிய நூலில், ரோமில் அவன் பிசாசுக்கு இரண்டு வேலை செய்தான், தேற்றரவாளனை (பரிசுத்த ஆவியை) துரத்தினான், பிதாவைச் சிலுவையில் அறைந்தான் என்று நக்கலடித்தார். திரித்துவத்துக்கான லத்தீன் சொல்லை இறையியலில் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவரும் இவர்தான். அதே நூலில் அவர் ஒன்றை ஒப்புக்கொள்கிறார்: சாதாரண விசுவாசிகள், அவர்கள்தாம் எப்போதும் பெரும்பான்மை, மூவர் என்ற பேச்சைக் கேட்டாலே மிரள்கிறார்கள். அந்த வாக்கியத்தைப் பிரசங்கங்களில் யாரும் மேற்கோள் காட்டுவதில்லை.

மறுபக்கத்தில் அலெக்சாந்திரியாவின் ஒரிகென். குமாரன் பிதாவிடமிருந்து காலமற்ற முறையில், என்றென்றைக்குமாகப் பிறந்துகொண்டிருக்கிறார் என்றார். பிதா குமாரனைவிட மேலானவர் என்றும் சொன்னார். ஒரே ஆசிரியரிடமிருந்து இரண்டு சரடுகள். பிறகு சண்டை போட்ட இரண்டு தரப்புமே ஒரிகெனின் பேரப்பிள்ளைகள்தாம்.

இனி ஏரியஸ். லிபியாக்காரர் என்று சொல்லப்படுபவர், அலெக்சாந்திரியாவில் பவுக்காலிஸ் என்ற கோயிலின் குருவானவர், வயதானவர், கடும் விரதக்காரர், நல்ல பேச்சாளர். 318ஐ ஒட்டி அவருக்கும் அவருடைய பிஷப் அலெக்சாந்தருக்கும் முட்டிக்கொண்டது. பிஷப், "பிதா என்றென்றும் இருக்கிறார், குமாரனும் என்றென்றும் இருக்கிறார்" என்று போதித்தார். ஏரியஸுக்கு இது ஆதியற்றவர்கள் இருவர் என்பதுபோலப் பட்டது. அவருடைய தர்க்கம் நேரானது. கடவுள் என்றால் பிறவாதவர், தொடக்கமில்லாதவர். குமாரன் என்றால் பிறந்தவர். பிறந்தவருக்குத் தொடக்கம் உண்டு. ஆகவே "அவர் இல்லாதிருந்த நிலை ஒன்று இருந்தது." காலம் படைக்கப்படுவதற்கு முன்பே, எல்லாப் படைப்புக்கும் முதலாவதாக, பிதா தம் சித்தத்தால் ஒன்றுமில்லாமையிலிருந்து அவரை உண்டாக்கினார். பிறகு அவர் வழியாக மற்ற எல்லாவற்றையும் உண்டாக்கினார்.

இதைக் கவனியுங்கள். ஏரியஸின் கிறிஸ்து தீர்க்கதரிசி அல்ல. உலகம் தோன்றுமுன் இருந்தவர், உலகைப் படைத்தவர், வழிபடத்தக்கவர், கடவுள் என்ற பெயரையும் தாங்குபவர். மெய்யான கடவுள் மட்டும் அல்ல. கிறிஸ்து மனிதரா கடவுளா என்ற விவாதம் நிசேயாவில் நடக்கவே இல்லை. நடந்த விவாதம், அவர் எந்த அர்த்தத்தில் கடவுள் என்பது.

ஏரியஸ் கையில் வசனங்களுக்குப் பஞ்சமில்லை. "என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்" என்று யோவான் 14:28இல் இயேசுவே சொல்கிறார். அந்த நாளையும் நாழிகையையும் குமாரனும் அறியார் என்கிறது மாற்கு 13:32. கொலோசெயர் 1:15 அவரைச் "சர்வசிருஷ்டிக்கும் முந்தின பேறுமானவர்" என்கிறது. எல்லாவற்றையும்விட அதிகம் இழுபட்ட வசனம் நீதிமொழிகள் 8:22. அங்கே ஞானம் பேசுகிறது, அந்த ஞானம் கிறிஸ்துவே என்பதில் இரு தரப்பும் ஒத்துப்போனார்கள். நம் பழைய தமிழ் வேதாகமத்தைத் திறந்தால் கர்த்தர் என்னைத் "தமது வழியின் ஆதியாகக் கொண்டிருந்தார்" என்றிருக்கும், இதில் என்ன சண்டை என்று தோன்றும். அன்று எல்லோர் கையிலும் இருந்த கிரேக்கப் பிரதியில் அந்த இடத்தில் "படைத்தார்" என்றே இருந்தது. ஏரியஸின் எதிரிகள் இந்த ஒரு வசனத்துக்கு விளக்கம் சொல்லிச் சொல்லிப் பக்கம் பக்கமாக எழுதவேண்டி வந்தது.

எதிர்த்தரப்பிலும் வசனங்கள் இருந்தன ("அந்த வார்த்தை தேவனாயிருந்தது", "நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்"). ஆனால் அவர்களுடைய பலம் வசனத்தில் இருந்ததாக நான் நினைக்கவில்லை. வசனத்துக்கு வசனம் என்று போனால் ஏரியஸ் தோற்றிருக்க மாட்டார். அலெக்சாந்தரின் உதவியாளராயிருந்து பின்னால் பிஷப்பான அதனாசியஸ் வேறு கேள்வி கேட்டார். மனிதனைக் கடவுளோடு சேர்ப்பதுதான் இரட்சிப்பு என்றால், இன்னொரு படைப்பு, எவ்வளவு உயர்ந்த படைப்பாயினும், அதை எப்படிச் செய்ய முடியும்? கடவுளுக்குக் குறைந்த ஒருவரை வணங்கினால் நாம் விட்டுவந்த விக்கிரக வழிபாட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பிதா என்றென்றும் பிதாவாக இருந்தார் என்றால் குமாரன் இல்லாத பிதா ஏது? ஏரியஸ் கடவுளின் தனித்தன்மையைக் காக்கப் பார்த்தார். அதனாசியஸ் சபையார் ஏற்கெனவே செய்துகொண்டிருந்த வழிபாட்டுக்கு நியாயம் தேடினார். இரண்டுமே பக்தியிலிருந்து வந்தவை. இருவரையும் மதிக்காமல் இந்த வரலாறு புரியாது என்பது என் எண்ணம்.

விவகாரம் கோயில் மதிலுக்குள் நிற்கவில்லை. ஏரியஸ் தன் கருத்துகளைத் தாலியா என்ற செய்யுள் நூலாக எழுதினார். மாலுமிகளுக்கும் மாவரைப்பவர்களுக்கும் வழிப்போக்கர்களுக்கும் பாட்டுக் கட்டிக் கொடுத்தார் என்று அவர் பக்கத்து வரலாற்றாசிரியரே சொல்கிறார். பிஷப் விலக்கியதும் ஏரியஸ் தன்னோடு படித்தவரான நிக்கொமேதியா பிஷப் யூசேபியஸின் ஆதரவைத் தேடினார். அலெக்சாந்திரியாவின் உள்ளூர்ச் சண்டை கிழக்குப் பகுதி முழுவதும் பரவிவிட்டது.

கான்ஸ்டன்டைன் உள்ளே வருவது இப்போதுதான். 324இல் கிழக்கை ஆண்ட லிசினியஸைத் தோற்கடித்துக் கிழக்கையும் பிடித்த கையோடு பார்த்தால், தன் அரசின் ஒற்றுமைக்குத் துணை என்று நம்பிய சபை இரண்டாகக் கிடக்கிறது. கொர்தோபா பிஷப் ஓசியஸ் கையில் அலெக்சாந்தருக்கும் ஏரியஸுக்கும் சேர்த்து ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். உங்கள் சச்சரவு அற்பமானது, இதையெல்லாம் கேட்டிருக்கவும் கூடாது, பதில் சொல்லியிருக்கவும் கூடாது, சமாதானமாகப் போங்கள் என்பது சாரம். இயேசுவைக் கடவுளாக்கத் திட்டம் போட்ட ஆள் எழுதும் கடிதமா இது? அவருக்குக் கோட்பாட்டில் பெரிய அக்கறை இல்லை, அமைதி வேண்டும். கடிதம் பலிக்காததால் 325 கோடையில் நிசேயாவில், இன்றைய துருக்கியின் இஸ்னிக்கில், சங்கம் கூட்டினார். பிஷப்புகளின் பயணத்துக்கு அரசுத் தபால் வண்டிகளை விட்டார்.

வந்தவர்கள் எத்தனை பேர்? உடனிருந்த செசரேயா யூசேபியஸ் 250க்கு மேல் என்கிறார். வேறு கணக்குகள் 300ஐ எட்டுகின்றன. 318 என்று பிறகு நிலைபெற்ற எண், ஆபிரகாம் போருக்குக் கூட்டிப்போன வேலைக்காரர் தொகையிலிருந்து வந்த பக்திக் கணக்கு. மேற்கிலிருந்து வந்தவர்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவர்கள். ரோமின் பிஷப் சில்வெஸ்தர் வரவில்லை, இரண்டு குருமாரை அனுப்பினார். கிறிஸ்மஸ் தாத்தாவாகிய நிக்கோலாஸ் அங்கே ஏரியஸைக் கன்னத்தில் அறைந்தார் என்று டிசம்பர் மாதமானால் சுற்றிவரும் படக்கதை, பல நூற்றாண்டுகள் கழித்து முளைத்தது. பைபிளில் எந்தெந்தப் புத்தகம் சேரவேண்டும் என்று முடிவெடுத்ததும் நிசேயா இல்லை. அங்கே போடப்பட்ட 20 விதிகளில் அந்தப் பேச்சே கிடையாது. குருமார் ஒழுங்கு போன்ற விஷயங்களோடு அவை போகின்றன. ஈஸ்டர் தேதியையும் எகிப்தின் மெலேத்தியப் பிளவையும் (பிஷப் மெலேத்தியஸ் தலைமையில் ஒரு குழு பிரிந்துபோனது) பற்றிய முடிவுகள் தனி.

ஏரியஸின் கருத்தை வெட்டும்படியான வாக்கியம் ஒன்று தேவைப்பட்டது. பைபிள் சொற்களை எதை எடுத்தாலும் ஏரியஸ் பக்கத்தார் தங்கள் பொருளில் ஏற்றுக்கொண்டார்கள். "தேவனிடத்திலிருந்து வந்தவர்" என்றால், "எல்லாமே தேவனிடத்திலிருந்து வந்தவைதானே" என்றார்கள். கடைசியில் பைபிளில் இல்லாத ஒரு சொல்லைப் போட்டார்கள்: ஹோமோஊசியோஸ். கத்தோலிக்கத் திருப்பலியில் தமிழில் "தந்தையோடு ஒரே பொருளானவர்" என்று சொல்கிறார்களே, அந்த இடம். அதற்கு முன்னால் வரும் "உதித்தவர், உண்டாக்கப்பட்டவர் அல்லர்" என்பதும் நேரடியாக ஏரியஸை நோக்கி எறியப்பட்டது.

இந்தச் சொல் பலருக்குத் தொண்டையில் சிக்கியது. ஊசியா என்றால் சாரம், பொருள், இருப்பு, எல்லாம். ஒரே பொருள் என்றால் பிதாவும் குமாரனும் ஒரே ஆள் என்ற சபெல்லியஸின் கருத்து பின்வாசலால் நுழையாதா? கடவுளை ஏதோ துண்டு போடக்கூடிய பொருளாக ஆக்கிவிடாதா? போதாக்குறைக்கு 268இல் அந்தியோக்கியாவில் விலக்கப்பட்ட சமொசாத்தா பவுல் இதே சொல்லைப் பயன்படுத்தியிருந்தார் என்ற கறை வேறு. செசரேயா யூசேபியஸ் தயங்கித் தயங்கிக் கையெழுத்திட்டுவிட்டு, தன் சபையாருக்கு நீண்ட விளக்கக் கடிதம் எழுதினார். பேரரசரே அந்தச் சொல்லை ஆதரித்தார், உடல்சார்ந்த அர்த்தத்தில் இல்லை என்று விளக்கினார், அதனால் ஏற்றேன் என்கிறது அந்தக் கடிதம். வாசித்தால் ஒரு மனிதர் தன் மனச்சாட்சியைச் சமாதானப்படுத்திக்கொள்ளும் தொனி தெரியும். முடிவில் கையெழுத்திட மறுத்த பிஷப்புகள் இரண்டே பேர், லிபியாவின் செக்குந்தும் தியோனாவும். ஏரியஸோடு சேர்த்து அவர்களையும் நாடு கடத்தினார்கள். ஓட்டெடுப்பில் சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தது என்ற கதைக்கு இங்கே இடமே இல்லை. ஆனால் பேரரசர் முன்னிலையில், மறுத்தால் நாடு கடத்தல் என்ற நிலையில் வந்த ஒருமனதை எவ்வளவுக்கு நம்புவது என்ற கேள்வி நியாயமானது. விடை சீக்கிரமே தெரிந்தது.

சில ஆண்டுகளுக்குள் கான்ஸ்டன்டைன் ஏரியஸைத் திரும்ப அழைத்தார். நிக்கொமேதியா யூசேபியஸ் மீண்டும் செல்வாக்குப் பெற்றார். 337இல் மரணப் படுக்கையில் கான்ஸ்டன்டைனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர் அந்த யூசேபியஸேதான். நிசேயாவைக் கூட்டியவர் நிசேயாவின் எதிராளி கையால் கிறிஸ்தவரானார் என்ற இந்த ஒரு செய்தி போதும், அந்த வீடியோ சொன்ன கதை நிற்காது. ஏரியஸ் 336இல் கான்ஸ்டான்டிநோபிளில், சபையில் திரும்பச் சேர்க்கப்படுவதற்கு முன்தினம், பொதுக் கழிப்பிடத்தில் குடல் சரிந்து செத்தார் என்று அதனாசியஸ் எழுதிவைத்தார். எதிரி எழுதிய மரணச் செய்தியை அந்த அளவோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

அதனாசியஸும் லேசுப்பட்டவரல்ல. 328இல் அலெக்சாந்திரியாவின் பிஷப்பானார். ஏறத்தாழ 45 வருடப் பதவியில் நான்கு பேரரசர்களால் ஐந்து முறை துரத்தப்பட்டு, சுமார் 17 வருடம் வெளியே கழித்தார். 335இல் தீரு நகரச் சங்கத்தில் அவர் மீது சுமத்திய குற்றங்களில் ஒன்று, அர்செனியஸ் என்ற எதிர்க்கட்சி பிஷப்பைக் கொன்று கையை வெட்டி வைத்துக்கொண்டார் என்பது. ஆதாரமாக ஒரு கையும் காட்டினார்களாம். அதனாசியஸ் அர்செனியஸையே உயிரோடு, இரண்டு கையோடும் கூட்டிவந்து நிறுத்தினார் என்கிறார் பழைய வரலாற்றாசிரியர் சோக்ரட்டீஸ். அப்படியும் தப்பவில்லை. தலைநகருக்குப் போகும் எகிப்துத் தானியத்தை நிறுத்திவிடுவதாக மிரட்டினார் என்று அடுத்த புகார் வந்தது, அதை மட்டும் பேரரசர் பொறுக்கவில்லை, இன்றைய ஜெர்மனியின் திரியருக்கு அனுப்பிவிட்டார். இன்னொரு பக்கம், அதே காலத்துப் பப்பைரஸ் கடிதம் ஒன்று எகிப்தின் மணலிலிருந்து கிடைத்திருக்கிறது. அதனாசியஸின் ஆட்கள் மெலேத்தியர்களை அடித்து நொறுக்கியதை அடிபட்ட தரப்பார் எழுதியிருக்கிறார்கள். திருச்சபை அவரைப் புனிதராகக் கொண்டாடுகிறது, அது சரிதான், ஆனால் அவருடைய ஆட்கள் தடியும் எடுத்தார்கள்.

கான்ஸ்டன்டைனின் மகன் கான்ஸ்டான்டியஸ் காலத்தில் சங்கத்துக்கு மேல் சங்கம், அறிக்கைக்கு மேல் அறிக்கை. பிஷப்புகள் கூட்டம் கூட்டமாக அங்குமிங்கும் போய்வந்ததில் அரசுத் தபால் போக்குவரத்தே நொடித்துப்போனது என்று கிறிஸ்தவரல்லாத வரலாற்றாசிரியர் அம்மியானஸ் அலுத்துக்கொள்கிறார். இந்தக் காலத்தில் கட்சிகள் இரண்டு இல்லை, குறைந்தது நான்கு. நிசேயாவின் சொல்லைப் பிடித்துக்கொண்டவர்கள். "ஒரே சாரம்" வேண்டாம், "ஒத்த சாரம்" என்போம் என்ற அன்கிரா பசிலியஸின் குழு. சாரம் என்ற பேச்சே வேண்டாம், பிதாவை "ஒத்தவர்" என்பதோடு நிறுத்துவோம் என்ற அரசுக் கட்சி. பிதாவுக்கும் குமாரனுக்கும் சாரத்தில் ஒப்புமையே இல்லை என்று துணிந்து சொன்ன ஏத்தியஸும் யூனோமியஸும். இவர்களில் பெரும்பாலோருக்கு ஏரியஸ் என்றால் யாரென்று அக்கறைகூட இல்லை. "நாங்கள் பிஷப்புகள், ஒரு குருவானவரை எப்படிப் பின்பற்றுவோம்?" என்று 341இல் அந்தியோக்கியாவில் கூடியவர்கள் கேட்டார்கள். எல்லோரையும் ஏரியஸ் கட்சி என்று ஒரே மூட்டையில் கட்டியது அதனாசியஸின் எழுத்துத் திறமை.

அழுத்தம் கடுமையானது. 357இல் சிர்மியத்தில் சாரம் என்ற சொல்லையே தடைசெய்யும் அறிக்கையில், நிசேயாவில் முன்னணியில் நின்ற ஓசியஸையே, நூறு வயதை நெருங்கிய காலத்தில், கையெழுத்திட வைத்தார்கள். ரோமின் பிஷப் லிபேரியஸ் நாடு கடத்தப்பட்டு, ஒரு கட்டத்தில் அவரும் இறங்கிவந்தார். 359இல் மேற்கத்திய பிஷப்புகள் 400க்கு மேல் இத்தாலியின் அரிமினத்திலும், கிழக்கத்தியர் செலூக்கியாவிலும் கூட்டப்பட்டு, "ஒத்தவர்" என்ற மழுப்பலான வாசகத்துக்குப் பணியவைக்கப்பட்டார்கள். "உலகம் முழுவதும் முனகியது, தான் ஏரியஸ் கட்சியாகிவிட்டதைக் கண்டு திகைத்தது" என்று ஜெரோம் பிறகு எழுதினார். ஆள்கணக்கில் நிசேயாவை விடப் பெரிய சங்கம் இது. இதை யாரும் இன்று பொதுச்சங்கமாக எண்ணுவதில்லை. எண்ணிக்கையோ பேரரசரோ ஒரு கோட்பாட்டை நிலைக்க வைத்துவிட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

முடிச்சு அவிழத் தொடங்கியது சங்க மண்டபத்தில் அல்ல, சொற்களைப் பொறுமையாகப் பிரித்துப் பார்த்ததில். 362இல் அதனாசியஸ், அலெக்சாந்திரியாவில் ஒரு சிறு கூட்டம் நடத்தினார். "மூன்று ஹைபோஸ்தாசிஸ்" என்று சொல்பவர்களையும் "ஒரே ஹைபோஸ்தாசிஸ்" என்று சொல்பவர்களையும் அழைத்து, நீங்கள் என்ன பொருளில் சொல்கிறீர்கள் என்று கேட்டார். முன்னவர்கள் மூன்று கடவுள் என்று சொல்லவில்லை, பின்னவர்கள் ஒரே ஆள் என்று சொல்லவில்லை என்று தெரிந்தது. ஒருவருக்கு ஆள் என்று பொருள்பட்ட சொல் மற்றவருக்குச் சாரம் என்று பொருள்பட்டிருந்தது. முப்பது வருடச் சண்டையில் ஒரு பங்கு இதனால் வந்தது. இத்தனை நாடு கடத்தலுக்குப் பிறகு, பழைய சண்டைக்காரர் அதனாசியஸ் இந்த விட்டுக்கொடுத்தலுக்கு வந்தார் என்பதை அவருடைய மிகப் பெரிய காரியமாக நான் மதிக்கிறேன்.

அடுத்த அடியை இன்றைய துருக்கியில் உள்ள கப்பதோக்கியாவின் மூவர் எடுத்து வைத்தார்கள். செசரேயாவின் பசில், அவர் தம்பி நிஸ்ஸாவின் கிரெகோரி, நண்பர் நசியான்சின் கிரெகோரி. சாரம் ஒன்று, ஹைபோஸ்தாசிஸ் (ஆள் என்ற பொருளில்) மூன்று என்று இரண்டு சொற்களுக்கும் தனித்தனி வேலை பிரித்துக் கொடுத்தார்கள். இப்போது "ஒத்த சாரம்" கட்சியின் பெரும்பகுதிக்குப் பயம் நீங்கியது. அவர்கள் பயந்தது சபெல்லியஸுக்கு, அந்தக் கதவு அடைக்கப்பட்டுவிட்டது. பரிசுத்த ஆவியின் கேள்வியும் இவர்கள் காலத்தில்தான் முன்னுக்கு வந்தது. நிசேயா அறிக்கை ஆவியைப் பற்றி, "பரிசுத்த ஆவியையும் விசுவாசிக்கிறோம்" என்ற அளவோடு முடித்திருந்தது. பசில் தன் சபையில் "ஆவியில் பிதாவுக்கு மகிமை" என்பதோடு "ஆவியோடுகூட" என்றும் சொல்ல, புதுமை புகுத்துகிறார் என்று கூச்சல் எழுந்தது. பதிலாக ஒரு நூலே எழுதினார். அதில் ஆவியைக் கடவுள் என்று நேரடியாகச் சொல்லாமல், அந்தப் பொருள்படும் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். நண்பர் கிரெகோரிக்கு இந்தச் சாமர்த்தியம் பிடிக்கவில்லை, அவர் பட்டவர்த்தனமாகச் சொன்னார்.

தலைநகரில் அப்போது இருந்த நிலையை நிஸ்ஸாவின் கிரெகோரி வர்ணிப்பது புகழ்பெற்றது. சில்லறை கேட்டால் பிறந்தவர், பிறவாதவர் என்று தத்துவம் பேசுகிறான். ரொட்டி என்ன விலை என்றால் பிதா பெரியவர், குமாரன் கீழானவர் என்கிறான். குளிக்கத் தண்ணீர் தயாரா என்றால் குமாரன் ஒன்றுமில்லாமையிலிருந்து வந்தவர் என்கிறான். கொஞ்சம் மிகை இருக்கலாம். ஆனால் இது பிஷப்புகளின் மூடிய அறை விவகாரம் இல்லை என்பது இதில் தெரிகிறது.

380 பிப்ரவரியில் தெசலோனிக்காவிலிருந்து பேரரசர் தியோடோசியஸ் ஆணை பிறப்பித்தார்: ரோமின் பிஷப் தமாசுஸும் அலெக்சாந்திரியாவின் பிஷப் பேதுருவும் நம்புவதையே எல்லோரும் நம்பவேண்டும். அந்த ஆண்டு நவம்பரில் தலைநகரின் கோயில்கள் எதிர்த்தரப்பிடமிருந்து பிடுங்கப்பட்டு, அதுவரை ஒரு வீட்டில் சபை நடத்திவந்த நசியான்சின் கிரெகோரியிடம் தரப்பட்டன. 381இல் சுமார் 150 பிஷப்புகள் கான்ஸ்டான்டிநோபிளில் கூடினார்கள். ஆவியின் தெய்வத்துவத்தை மறுத்த 36 பேர் வெளியேறினார்கள். தலைமை தாங்கிய அந்தியோக்கியா பிஷப் மெலேத்தியஸ் (எகிப்துப் பிளவின் மெலேத்தியஸ் வேறு) நடுவிலேயே இறந்தார், அடுத்துத் தலைமைக்கு வந்த கிரெகோரி உள்சண்டை தாங்காமல் ராஜினாமா செய்தார். அவர் இடத்துக்கு வந்த நெக்தாரியஸ் அரசு அதிகாரி, அப்போது ஞானஸ்நானம்கூடப் பெற்றிருக்கவில்லை. எந்தச் சங்கமும் நன்றாக முடிந்து நான் பார்த்ததில்லை என்று கிரெகோரி பிறகு ஒரு கடிதத்தில் எழுதினார். இன்று நிசேயா விசுவாசப் பிரமாணம் என்று நாம் சொல்வது உண்மையில் இந்த 381 சங்கத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் விரிந்த வடிவம். அதிலும் ஆவி "பிதாவோடும் குமாரனோடும் வணங்கப்படுகிறவர்" என்றுதான் இருக்கும், பசிலின் ஜாக்கிரதை அப்படியே தொடர்கிறது.

ஆக, அரசியல் இல்லையா? நிச்சயமாக உண்டு. 380இன் ஆணையும் பிடுங்கிய கோயில்களும் அரசியல்தான், அதைப் பூசி மெழுகக் கூடாது. ஆனால் கான்ஸ்டான்டியஸும் பின்னால் பேரரசர் வாலென்ஸும் அதே அளவு பலத்தை எதிர்த்திசையில் பயன்படுத்தினார்கள், அது நிலைக்கவில்லை. தியோடோசியஸ் காலத்தில் நிலைத்தது, ஏனென்றால் அதற்கு முந்தின இருபது வருடத்தில் பெரும்பாலான கிழக்கத்திய பிஷப்புகள் ஏற்கும்படியான விளக்கம் தயாராகியிருந்தது. பேரரசுக்கு வெளியே எல்லா இடத்திலும் இந்தத் தீர்ப்பு செல்லவும் இல்லை. ஜெர்மானிய இனத்தவரான கோத்தியருக்குப் பைபிளை மொழிபெயர்த்துக் கொடுத்த உல்பிலா "ஒத்தவர்" கட்சி. அதனால் கோத்தியரும் வாண்டல்களும் பல தலைமுறை அந்த நம்பிக்கையிலேயே இருந்தார்கள். ஸ்பெயினில் 589இல்தான் விசிகோத்திய அரசர் ரெக்கரெத் தொலெதோ சங்கத்தில் நிசேயாவை ஏற்றார்.

பைபிள் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். சொல் இல்லை, விரித்துரைத்த கோட்பாடும் இல்லை. பிதா, குமாரன், ஆவி மூவரையும் சேர்த்துச் சொல்லும் இடங்கள் உண்டு. மத்தேயு 28:19 அவற்றில் முக்கியமானது. ஆனால் நம் பழைய தமிழ் வேதாகமத்தில் 1 யோவான் 5:7இல் "பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்" என்று இருக்கிறதே, அதைத் தயவுசெய்து ஆதாரமாகக் காட்டாதீர்கள். நான்காம் நூற்றாண்டில் வசனத்துக்கு வசனம் வாதாடிய கிரேக்க ஆசிரியர்களில் ஒருவர்கூட இதை எடுத்துக்காட்டவில்லை. கையில் இருந்திருந்தால் அதனாசியஸ் விட்டிருப்பாரா? அவர்கள் பிரதிகளில் அது கிடையாது. லத்தீன் மரபில் புகுந்தது. அறிஞர் எராஸ்மஸ் 1516இலும் 1519இலும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அதை விட்டுவிட்டார், எதிர்ப்புக்குப் பிறகு 1522இல் சேர்த்தார். அங்கிருந்து ஆங்கிலத்தின் ஜேம்ஸ் அரசர் பைபிளுக்கும் நம் கைக்கும் வந்தது. இன்றைய மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் அதை நீக்கிவிட்டன.

இந்த விவாதம் 381இல் செத்துப்போகவும் இல்லை. 1553இல் மைக்கேல் செர்வேட்டஸ் திரித்துவத்தை மறுத்ததற்காக ஜெனீவாவில் உயிரோடு எரிக்கப்பட்டார். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் விஞ்ஞானி பிரீஸ்ட்லி போன்றவர்கள் யூனிடேரியன்களாக (திரித்துவத்தை மறுத்து, கடவுள் ஒருவரே என்பவர்களாக) இயங்கினார்கள். அவர்கள் வட்டத்து நூல்களைப் படித்து அந்தக் கருத்துக்கு வந்த வில்லியம் ராபர்ட்ஸ் என்ற தமிழர் 1795இலேயே சென்னையில் ஒரு யூனிடேரியன் சபையைத் தொடங்கினார். ஆனால் யூனிடேரியன்களை ஏரியஸின் வாரிசுகள் என்று சொல்வது தவறு. இயேசுவை மனிதராக மட்டும் பார்ப்பதில் அவர்கள் தோல் தொழிலாளி தியோடோட்டஸுக்குத்தான் பக்கம். ஏரியஸுக்கு நெருங்கியவர்கள், குமாரனே கடவுளின் முதல் படைப்பு என்று சொல்லி உங்கள் வீட்டுக் கதவைத் தட்டும் யெகோவாவின் சாட்சிகள். "இயேசுவின் நாமத்தில்" மட்டும் ஞானஸ்நானம் கொடுக்கும் ஒருத்துவப் பெந்தெகொஸ்தே சபைகளோடு பேசிப் பாருங்கள், பிதாவும் குமாரனும் ஒருவரே என்பார்கள். அது சபெல்லியஸின் பக்கம்.